விறகுக் கட்டு ஒன்றை நிறுத்துப் பார்த்த பிறகு

"மாச வருமானம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்த மாசம் தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

காட்டோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வறுமையைக் கணக்கெடுக்கும் வேலையில் நான் சேர்ந்த முதல் வாரம் அது. என் கையில் இருந்த கேள்வித்தாளில் வருமானத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்கோ எந்த மாதத்தைச் சொல்வது என்று உண்மையிலேயே தெரியவில்லை. தேன் எடுக்கும் மாதத்தில் கையில் காசு புரளும், மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலையே இருக்காது, ஆனால் அதே மழையில்தான் காளான் முளைக்கும், கீரை தழைக்கும், காசில்லாமலே அடுப்பு எரியும். நான் தோராயமாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில் நான் கண்ணால் பார்த்த எதுவுமே அதில் இல்லை. பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த விறகு, கூரையில் வேய்ந்திருந்த புல், வாசலில் பாயில் காய்ந்துகொண்டிருந்த மருந்து வேர், ஆடு கட்டியிருந்த கம்பு, எல்லாம் காட்டிலிருந்து வந்தவை. ஒன்றுக்கும் கட்டம் இல்லை.

வறுமை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டாலர் கணக்குதான். உலக வங்கி 1990-இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்று கோடு போட்டது. அது 1.25 ஆகி, 1.90 ஆகி, 2.15 ஆகி, 2025 ஜூனில் 3 டாலருக்கு வந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு விலைவாசி வேறுபடுவதைச் சரிக்கட்டிய டாலர் இது. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்தக் கோடு தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. காசு கொடுத்து வாங்கியது மட்டுமல்லாமல் ஒரு வீடு தானே விளைவித்துச் சாப்பிட்டதையும் சேர்க்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலும் விதிதான். ஆனால் வயலில் விளைந்ததைக் கேட்பதற்குக் கேள்வி இருக்கும், காட்டில் பொறுக்கியதைக் கேட்பதற்குப் பல கேள்வித்தாள்களில் கேள்வி இருக்காது. கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்லப் போவதில்லை. தினமும் செய்கிற வேலையை யாரும் வருமானமாக நினைப்பதே இல்லை.

சரி, கேட்டுவிடலாம் என்று அடுத்த சுற்றில் விறகுக்கும் ஒரு கேள்வி சேர்த்தோம். வாரத்துக்கு எத்தனை கட்டு என்று கேட்டால் உடனே பதில் வந்தது. மூன்று கட்டு, நான்கு கட்டு. எனக்கு அப்போது அது நல்ல தகவலாகத் தெரிந்தது. எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒரு அக்கா மட்டும், "கட்டுன்னா எவ்வளவு? எல்லாரும் ஒரே கட்டா கட்டுறாங்க?" என்று கேட்டார். மறுநாள் ஒரு தொங்கு தராசை எடுத்துக்கொண்டு போய், காட்டிலிருந்து வரும் பாதையில் ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தோம். முதலில் வந்தவர் ஒரு பாட்டி. மெல்லிய சுள்ளிகளாகச் சேர்த்துக் கொடியால் கட்டியிருந்தார், 11 கிலோ இருந்தது. கொஞ்சம் பின்னால் வந்த பெண்ணின் கட்டு 29 கிலோ. அதை இறக்கிக் கொக்கியில் மாட்ட எங்கள் இரண்டு பேரால் முடியவில்லை, அவரே ஒரு கை கொடுத்தார். நிறுத்து முடித்ததும் தராசின் முள்ளைக் காட்டி எவ்வளவு என்று கேட்டார். சொன்னதும் ஒன்றும் பேசாமல் சும்மாட்டைச் சரிசெய்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேள்வித்தாளில் அந்த இரண்டு வீட்டிலும் நாங்கள் எழுதியிருந்தது ஒரே பதில், வாரத்துக்கு மூன்று கட்டு.

எடை தெரிந்தால் போதுமா, அதற்கு என்ன விலை போடுவது? அந்த ஊரில் விறகை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பக்கத்து ஊர்ச் சந்தை விலையைப் போடலாம், ஆனால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியைக் கழிக்க வேண்டும். விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெயோ கேஸோ வாங்கினால் என்ன செலவாகும் என்று பார்க்கலாம், ஆனால் அந்த விலைக்கு அந்த வீடு அதை வாங்கவே வாங்காது. பொறுக்க ஆன நேரத்தைக் கூலியாக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் வேறு கூலி வேலை கிடைத்திருக்குமா? ஊர்க்காரர்களையே கேட்பதுதான் ஓரளவு நம்பத்தக்க வழி. இந்தக் கட்டைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக என்ன வாங்கிக்கொள்வாய் என்று கேட்டால் பேரம் பேசுவதுபோலச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கத்தி, கயிறு, அனுமதிக் கட்டணம் மாதிரி காசு கொடுத்த செலவுகளை மட்டும் அதிலிருந்து கழிக்க வேண்டும். வீட்டு ஆட்களின் சொந்த உழைப்பைக் கழிப்பதில்லை, அந்த உழைப்புக்குக் கிடைத்த பலன்தானே வருமானம்.

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1990-களில் வில்லியம் கேவண்டிஷ் என்ற ஆய்வாளர் ஜிம்பாப்வே கிராமங்களில் வீட்டுக் கணக்கைத் துருவி எடுத்து, சராசரி வருமானத்தில் ஏறக்குறைய 35 சதவீதம் இயற்கையிலிருந்து நேரடியாக வருகிறது என்று காட்டினார். அதுவரை அந்த 35 சதவீதத்தைப் பெரும்பாலான கணக்கெடுப்புகள் கண்டுகொண்டதே இல்லை. அதற்குப் பிறகு இந்தோனேசியாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச வன ஆராய்ச்சி மையம் 'வறுமை-சுற்றுச்சூழல் வலையமைப்பு' என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரில்ட் ஆங்கெல்சன் தலைமையில், பெரும்பாலும் ஆய்வு மாணவர்களை வைத்து, 24 நாடுகளில் ஏறக்குறைய 8,000 வீடுகளில் எடுத்த கணக்கு அது. 2014-இல் வந்த முடிவின்படி வீட்டு வருமானத்தில் 28 சதவீதம் சுற்றுச்சூழலிலிருந்து வருகிறது, அதிலும் 77 சதவீதம் இயற்கைக் காட்டிலிருந்து. இரண்டையும் பெருக்கினால் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே காடு தருகிறது. ஒரு வீட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு அந்த வீடு ஏழையா இல்லையா என்று தீர்ப்பு எழுதுவது எவ்வளவு பெரிய தப்பு என்று நினைக்கும்போது, அந்த முதல் வாரத்துத் தாள்கள் எனக்கு இன்னும் கண்ணை உறுத்துகின்றன.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கேட்ட விதம். வருஷத்துக்கு ஒரு தடவை போய் கடந்த 12 மாதங்களில் என்ன எடுத்தீர்கள் என்று கேட்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்குப் போய் அண்மையில் எடுத்ததை மட்டும் கேட்டார்கள். பயிர் அறுவடை ஒரு நாள் நடக்கிறது, மூட்டைக் கணக்கு நினைவில் நிற்கும். காளான் அப்படி இல்லை. இன்று ஒரு கைப்பிடி, நாளை இரண்டு, நாலு நாள் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "எப்பவாவது கிடைக்கும்" என்றுதான் பதில் வரும். நான் பார்த்தவரை ஒரே தடவை போகிற கணக்கெடுப்பு அந்த வீட்டை அளப்பதைவிட நாம் போன மாதத்தைத்தான் அளக்கிறது. தேன் காலத்தில் போனால் ஊரே வசதியாகத் தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. காட்டு வருமானத்தைச் சேர்த்துவிட்டதால் வறுமை இல்லை என்று ஆகிவிடாது. ஏழை வீடுதான் காட்டை அதிகம் நம்பியிருக்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பங்காகப் பார்த்தால் அது உண்மை, ஆனால் ஏழைக்கும் வசதியான வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எதிர்பார்த்த அளவு பெரியதில்லை என்றுதான் அதே ஆய்வு சொன்னது. மொத்த மதிப்பில் பார்த்தால் வசதியான வீடே காட்டிலிருந்து அதிகம் எடுக்கிறது, ஏனென்றால் வண்டியும் ஆளும் வாங்குபவர் தொடர்பும் அந்த வீட்டுக்குத்தான் இருக்கிறது. காட்டில் சேகரிப்பது என்றாலே பெண்கள் வேலை என்ற எண்ணமும் அந்த ஆய்வுக்கு முன்னால் நிற்கவில்லை, ஆண்கள் எடுப்பதும் பலர் நினைத்திருந்ததைவிட நிறையவே இருந்தது. ஆகவே வீட்டுத் தலைவர் என்று ஒருவரை உட்கார வைத்துக் கேட்டுவிட்டு வந்தால், அவர் அம்மா பொறுக்கியதையும் சொல்ல மாட்டார், மகன் எடுத்ததையும் சொல்ல மாட்டார்.

வருமானத்தை அளப்பது இவ்வளவு பாடு என்றால், வருமானத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது பார்க்கலாமே என்று கேட்பீர்கள். 2010-லிருந்து ஐநா வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கைகளில் வரும் பல்பரிமாண வறுமைக் குறியீடு அதைத்தான் செய்கிறது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று பிரிவில் 10 அளவுகோல்கள், முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்த கணக்கில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் அந்த வீடு ஏழை. நல்ல கருவிதான். ஆனால் அதைக் காட்டோர ஊருக்குள் கொண்டுபோனால் ஒரு சிக்கல் வருகிறது. விறகில் சமைத்தால் அது ஒரு குறை. தரையோ கூரையோ சுவரோ மண், புல், ஓலை மாதிரி இயற்கைப் பொருள் என்றால் அதுவும் ஒரு குறை. விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதைக் குறை என்பதில் தப்பே இல்லை, ஆனால் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் விறகுதான், எல்லா வீட்டிலும் புல் கூரைதான். ஊருக்குள்ளேயே யாருக்கு உதவி முதலில் போக வேண்டும் என்று பிரித்துப் பார்க்க அந்த இரண்டு கேள்விகளும் கை கொடுக்காது.

அப்புறம்தான் அடிப்படைத் தேவைகள் கணக்கெடுப்பு என்ற முறை என் கைக்கு வந்தது. காட்டோர ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதன் வேர் பிரிட்டனில் இருக்கிறது. 1983-இல் ஜோன்னா மாக், ஸ்டூவர்ட் லேன்ஸ்லி என்ற இருவர், எது இல்லாவிட்டால் ஒருவரை ஏழை என்று சொல்லலாம் என்பதை நிபுணர்கள் முடிவு செய்ய வேண்டாம், மக்களையே கேட்போம் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். அந்த யோசனையை எடுத்து ரிக் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1990-களின் பிற்பகுதியில் வியட்நாம் கிராமங்களுக்கு ஏற்ற மாதிரி எளிமையாக்கினார். பின்னால் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் (WCS) என்ற சர்வதேச அமைப்பு அதில் சில மாற்றங்கள் செய்து, பாதுகாக்கப்பட்ட காடுகளை ஒட்டிய ஊர்களில் பயன்படுத்தியது.

முறை இதுதான். முதலில் ஊரில் சிலரை உட்கார வைத்துப் பேசி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். இருபது முப்பது பெயர்கள் போதும். பொருளும் இருக்கலாம், வசதியும் இருக்கலாம். கொசுவலை, ஆளுக்கொரு போர்வை, டார்ச் லைட், ஒழுகாத கூரை, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம், ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இப்படி. எல்லோரிடமும் இருப்பதும் யாரிடமும் இல்லாததும் கலந்திருக்க வேண்டும். பிறகு வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி. இது எந்த வீட்டிலும் இல்லாமல் இருக்கக் கூடாத ஒன்றா? இது உங்கள் வீட்டில் இருக்கிறதா?

பாதிப் பேருக்குக் குறையாமல் 'ஆமாம், எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும்' என்று சொன்னால்தான் அது அடிப்படைத் தேவை. மற்றது பட்டியலிலிருந்து போய்விடும். எத்தனை பேர் சொன்னார்களோ அதுவே அதன் எடை. ஒரு எடுத்துக்காட்டுக்கு, 100 வீட்டில் 95 பேர் மூன்று வேளைச் சாப்பாடு, 90 பேர் பள்ளிக்கூடம், 80 பேர் போர்வை, 70 பேர் டார்ச், 60 பேர் கொசுவலை வேண்டும் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடைகள் 0.95, 0.90, 0.80, 0.70, 0.60. கூட்டினால் 3.95. ஒரு வீட்டில் சாப்பாடும் போர்வையும் டார்ச்சும் உண்டு, பள்ளிக்கூடம் தூரம், கொசுவலை கிடையாது என்றால் அந்த வீட்டுக்கு 2.45. அதை 3.95-ஆல் வகுத்தால் 62 சதவீதம் வரும், அதுதான் அந்த வீட்டின் மதிப்பெண். கால்குலேட்டர் போதும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன், அடுத்த பத்து வீட்டை அந்தப் பிள்ளையே போட்டுக் காட்டியது.

இதில் யாரையும் வருமானம் கேட்க வேண்டியதில்லை, இதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. தடை செய்யப்பட்ட காட்டிலிருந்து என்ன எடுக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. சில ஊர்களில் நாங்கள் போன வண்டியைப் பார்த்ததுமே வாசலில் கிடந்த வேரையும் தேன் குடத்தையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, நாங்கள் எழுதும் தாள் யார் கைக்குப் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? போர்வை இருக்கிறதா என்று கேட்டால் அந்தப் பயம் இல்லை, பதிலும் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். காசாக வராத காட்டு வருமானமும் இந்தக் கணக்கில் தன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. தேன் விற்றுப் போர்வை வாங்கியிருந்தால் அது போர்வையாகத் தெரியும், பொறுக்கிய கிழங்கில் மூன்றாவது வேளை ஓடினால் அது சாப்பாடாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. ஒரு ஊரின் எண்ணையும் வேறொரு நாட்டு ஊரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது, பட்டியலே வேறு. ரொம்பக் காலம் இல்லாமலே வாழ்ந்தவர்கள் சில பொருள்களைத் தேவை என்றே சொல்ல மாட்டார்கள். கழிப்பறையை அடிப்படைத் தேவையாகப் பாதிப் பேர்கூடச் சொல்லாத ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே தனியாகப் பெண்களிடம் மட்டும் கேட்டபோது எண்ணிக்கை ஏறியது. ஆண், பெண் இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஒரு காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்த பிறகு பக்கத்து ஊருக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று கேட்கும்போது, பின்னால் போய் அந்த ஊரை மட்டும் மறுபடி அளந்துவிட்டு, மதிப்பெண் 62-லிருந்து 68 ஆகியிருக்கிறது, எல்லாம் நன்மைக்கே என்று எழுதிவிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் தார் ரோடு வந்திருக்கலாம், விளைபொருள் விலை ஏறியிருக்கலாம், அந்தக் காட்டோடு சம்பந்தமே இல்லாத ஊர்களில் அதே மதிப்பெண் 62-லிருந்து 75 ஆகியிருக்கலாம். அப்படி ஒரு ஒப்பீட்டு ஊரை முதல் நாளே சேர்த்து அளந்து வைத்திருந்தால்தான் பாதுகாக்கப்பட்ட காட்டை ஒட்டிய ஊர் பின்தங்கியது தெரியும். ஒப்பீடு இல்லாத ஏற்றத்தை வைத்து ஒரு ஊரின் விறகுப் பாதையை அடைப்பது நியாயம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண்ணோடு கதையும் வேண்டும் என்பவர்களுக்கு அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தானில் தொடங்கிப் பிறகு கென்யா, உகாண்டா, பெரு என்று கொண்டுபோன முறை இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில், மிக ஏழையான ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் காசு வந்தால் முதலில் என்ன செய்யும், அடுத்து என்ன என்று படிப்படியாகக் கேட்டு, எந்தப் படி தாண்டினால் அந்த வீட்டை ஏழை என்று சொல்ல மாட்டீர்கள் என்று ஊரையே கோடு போட வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு வீடும் பல ஆண்டுகளுக்கு முன்பு எந்தப் படியில் இருந்தது, இப்போது எங்கே, ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். பல இடங்களில் இறக்கத்துக்கு முதல் காரணமாக வந்தது நோயும் மருத்துவச் செலவும். ஒரே ஒரு நாள் அளந்தால் இது தெரியவே தெரியாது, இன்று ஒரே படியில் இருக்கும் இரண்டு வீட்டில் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும், ஒன்று சரிந்துகொண்டிருக்கும்.

எந்த முறையாக இருந்தாலும் முடிவை ஊருக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் முதல் தடவை அப்படிப் போய், வீட்டுப் பெயர் எதுவும் சொல்லாமல் மதிப்பெண்களை மட்டும் ஒரு சாக்கில் கரியால் எழுதித் தொங்கவிட்டுப் படித்துக் காட்டினோம். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில், அன்று 29 கிலோ கட்டைத் தூக்கி வந்த அதே பெண் பின்வரிசையிலிருந்து எழுந்து, "எல்லாம் சரி. ஓடையில தண்ணி வந்தா அந்தப் பக்கம் போக வழியில்லையே, அது உங்க லிஸ்ட்டுல எங்க?" என்று கேட்டார். பட்டியல் தயாரித்த அன்று அவர் காட்டுக்குப் போயிருந்தார். அடுத்த சுற்றுப் பட்டியலில் மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க ஒரு பாலம் என்று சேர்த்துக் கேட்டோம். 100-க்கு 97 வீடுகள் அது இருந்தே ஆக வேண்டும் என்றன, மூன்று வேளைச் சாப்பாட்டைவிட அதிகம்.